பன்றி விற்ற காசும் கூரை போட்ட காசும்: ஓர் அசைலத்தின் வரவு செலவைப் படிப்பது எப்படி?

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) நிர்வாகங்கள் நடத்திய மனநோய் மருத்துவமனை ஒன்றின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் கொஞ்சம் திகைப்பாக இருக்கும். மருத்துவர் எழுதிய சில பக்கங்கள் முடிந்ததுமே பன்றிகள் வந்துவிடும். எத்தனை பன்றி அறுத்தார்கள், எத்தனை கேலன் பால் கறந்தார்கள், உருளைக்கிழங்கு எவ்வளவு விளைந்தது, கொதிகலனுக்கு எத்தனை டன் நிலக்கரி போனது, சலவைக்கூடத்துக் கூரையைச் செப்பனிட என்ன செலவு என்று பக்கம் பக்கமாகப் போகும். அப்புறம் தையல் அறையில் தைத்த சட்டை எத்தனை, பின்னிய காலுறை எத்தனை என்று நீண்ட பட்டியல். ஆஸ்பத்திரி அறிக்கையில் நோயாளிகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அவர்கள் அந்தப் பட்டியல்களுக்குள்ளேதான் இருக்கிறார்கள். பன்றிக்குத் தீனி வைத்தவர்கள், கிழங்கைத் தோண்டியவர்கள், சட்டை தைத்தவர்கள் எல்லாரும் நோயாளிகள். அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்துகொண்டால், மருத்துவர் எழுதிய பக்கங்களில் வராத பல விஷயங்கள் பிடிபடும். அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். அசைலம் என்பதுதான் அன்று இந்த இடங்களுக்குப் பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. 1808ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கவுண்டிகள் விரும்பினால் உள்ளூர் வரிப் பணத்தில் அசைலம் கட்டிக்கொள்ளலாம் என்றது. சில கவுண்டிகள் கட்டின, பல கட்டவில்லை. 1845ல் வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. கூடவே, நாடெங்கும் உள்ள அசைலங்களைச் சுற்றிப் பார்த்துக் குறையெழுத ஆணையர் குழு ஒன்றும் அமைந்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு 1885ல் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார். அசைலங்களில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பணம் கட்ட வழியில்லாத ஏழைகள். அதனால் அவர்களுக்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே இருந்தது.

இரண்டு பைகள்

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அசைலத்துக்குப் பணம் இரண்டு பைகளிலிருந்து வந்தது.

ஒன்று கட்டடப் பை. நிலம் வாங்குவது, கட்டடம் எழுப்புவது, விரிவாக்குவது, பெரிய பழுதுகளைப் பார்ப்பது எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. கவுண்டி கடன் வாங்கும். சொத்துக்காரர்கள் கட்டும் உள்ளூர் வரியிலிருந்து அதைப் பல ஆண்டுகள் அடைக்கும்.

மற்றது பராமரிப்புப் பை. சாப்பாடு, உடை, எரிபொருள், மருந்து, பணியாளர் ஊதியம் எல்லாம் இதில் அடங்கும். இதைக் கட்டியது அந்தந்த நோயாளியின் சொந்த ஊர். முதலில் தனித்தனி பாரிஷ்கள், அதாவது ஒரு தேவாலயத்தைச் சுற்றிய உள்ளாட்சிப் பகுதிகள், கட்டின. பிற்பாடு பல பாரிஷ்கள் சேர்ந்த ஏழையர் நல ஒன்றியங்கள் கட்டின. ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று அசைலம் ஒரு கட்டணத்தை நிர்ணயிக்கும், ஒன்றியம் அனுப்பும். இந்தத் தலைக்கு வாரக் கட்டணம்தான் அறிக்கையின் நாயகன். பக்கத்துக் கவுண்டி 9 ஷில்லிங்கில் நடத்துகிறது, நாம் ஏன் 10 ஷில்லிங் வாங்குகிறோம் என்று கவுண்டி சார்பில் அசைலத்தைக் கவனித்த மேற்பார்வைக் குழு கேட்கும். கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏன் அவ்வளவு கவலை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் இருக்கும் அசைலத்தில் வாரக் கட்டணம் 10 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஆக வாரத்துக்கு 500 பவுண்டு, வருடத்துக்கு 26,000 பவுண்டு. இதில் தலைக்கு வாரம் வெறும் 3 பென்ஸ் குறைத்தால், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கில், வருடத்துக்கு 650 பவுண்டு மிச்சம். ரொட்டியில் ஒரு துண்டு, இறைச்சியில் ஒரு அவுன்ஸ் என்று குறைத்தாலே இது கிடைத்துவிடும். பென்ஸில் பாதி, கால் என்று அறிக்கைகள் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் அல்ல. அந்தச் சின்ன எண்ணுக்குப் பின்னால் ஆயிரம் பேர் இருந்தார்கள்.

இந்தக் கட்டணத்தைக் குறைக்க மிக எளிய வழி ஆள் கூட்டுவது. கண்காணிப்பாளர் ஒருவர்தான், தேவாலயம் ஒன்றுதான், கொதிகலன் அறையும் ஒன்றுதான். ஐந்நூறு பேருக்குப் பதில் ஆயிரம் பேர் இருந்தால் இந்தப் பொதுச் செலவு தலைக்குப் பாதியாகிவிடும். இன்னொரு பகுதியைக் கட்ட ஆகும் பணமோ மற்றப் பையிலிருந்து வருவது. கட்டணத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு விரிவாக்கம் என்பது இலவசம் போலத் தெரியும். இங்கிலாந்தின் அசைலங்கள் நூறு, இருநூறு பேர் இருந்த இடங்களாகத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சராசரியாக ஆயிரம் பேருக்கு மேல் அடைத்த ஊர்களாக ஆனதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த இரட்டைப் பை ஏற்பாட்டையும் அதில் சேர்க்காமல் விட முடியாது என்பது என் எண்ணம்.

லண்டனைச் சுற்றிய மிடில்செக்ஸ் கவுண்டியே நல்ல உதாரணம். அது முதலில் ஹேன்வெல்லில் ஓர் அசைலம் கட்டி 1831ல் திறந்தது. சீக்கிரமே இடம் போதாமல் போனது. அடுத்து கோல்னி ஹாட்ச். 1849ல் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் அடிக்கல் நாட்டினார். 1851ல் 1,250 பேருக்கென்று திறந்தார்கள். சுமார் 3 லட்சம் பவுண்டு ஆயிற்று. இது அன்றைக்குக் கண்ணைக் கட்டும் தொகை. நடைகூடங்களே பல மைல் நீளம். அதுவும் போதாமல் விரிவாக்கி விரிவாக்கி, எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியது.

1874ல் இதற்கு இன்னொரு உந்துதல் வந்தது. அசைலத்தில் இருக்கும் ஒவ்வோர் ஏழை நோயாளிக்கும் வாரம் 4 ஷில்லிங் மானியம் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. நல்லெண்ணம்தான். ஆனால் ஒன்றியத்தின் கணக்குப்பிள்ளை இதை எப்படிப் பார்ப்பார்? நோயாளியைத் தன் ஏழையர் விடுதியிலேயே வைத்திருந்தால் வாரம் 5 ஷில்லிங் ஆகிறது, முழுவதும் தன் காசு என்று வைத்துக்கொள்வோம். அசைலத்துக்கு அனுப்பினால் கட்டணம் 10, மானியம் போகக் கையிலிருந்து 6. வித்தியாசம் ஒரே ஒரு ஷில்லிங், தொல்லையும் விட்டது. மூப்பால் நினைவு தப்பியவர்கள், அமைதியான நாள்பட்ட நோயாளிகள் எல்லாரும் விடுதிகளிலிருந்து அசைலங்களுக்கு நகர இது வழி செய்தது என்று அன்றே பேசப்பட்டது. நாட்டில் பைத்தியம் பெருகுகிறதா என்று பத்திரிகைகளில் நடந்த வாதத்தில் இந்த 4 ஷில்லிங்குக்கும் ஓரிடம் உண்டு.

பண்ணை

இப்போது பன்றிகளுக்கு வருவோம்.

வேலை மனநோய்க்கு மருந்து என்ற நம்பிக்கை அசைலங்களுக்கு முன்பே இருந்தது. யார்க் நகரில் குவேக்கர் சமயத்தார் 1796ல் திறந்த ரிட்ரீட் என்ற சிறிய இல்லம், சங்கிலியும் அடியும் இல்லாமல், அன்பான பேச்சும் ஒழுங்கான அன்றாட வேலையுமாக நோயாளிகளை நடத்தலாம் என்று காட்டியிருந்தது. ஹேன்வெல்லின் முதல் கண்காணிப்பாளர் வில்லியம் எல்லிஸ், அதற்கு முன் வேக்ஃபீல்டு அசைலத்தில் இருந்தவர். அவரும் மேட்ரனாக இருந்த அவர் மனைவியும் நோயாளிகளுக்கு வேலை கொடுப்பதில் பெயர் பெற்றவர்கள். தோட்டம், செருப்புத் தைப்பது, தச்சு, சமையல் என்று ஆளுக்கேற்ற வேலை. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைவிட மண்ணைக் கொத்துவது மனசுக்கு நல்லது என்பதில் இன்றும் யாரும் சண்டை போடமாட்டார்கள். நான் பண்ணையைப் பற்றிச் சொல்லப்போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பண்ணைக்குத் தனிக் கணக்கு. ஊதியம் வாங்கும் காரியஸ்தர் ஒருவர், அவர் கீழ் சில கூலியாட்கள், மற்றபடி ஆண் நோயாளிகள். பண்ணையின் பாலும் காய்கறியும் பன்றியிறைச்சியும் பெரும்பாலும் சந்தைக்குப் போகாது. அசைலத்துச் சமையலறைக்கே போகும். ஆனால் கணக்கில், சந்தை விலைக்குச் சமையலறை அதை வாங்கியதாக எழுதுவார்கள். அந்தத் தொகை பண்ணைக்கு வரவு. விதை, தீவனம், கன்றுகாலி, காரியஸ்தர் ஊதியம் எல்லாம் செலவு. வருடக் கடைசியில் மிச்சம் நிற்கும். பண்ணை இந்த ஆண்டும் லாபம் என்று குழு மகிழ்ச்சியோடு பதிவு செய்யும்.

இங்கே செலவுப் பக்கத்தில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். நோயாளிகளுக்குக் கூலி இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குப் புகையிலை, கூடுதல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், ஒரு குவளை பியர், தேநீர் என்று ஏதாவது கிடைக்கும், அவ்வளவுதான். நிலத்தின் விலையும் பல கணக்குகளில் இருக்காது, ஏனென்றால் நிலத்தை வாங்கியது கட்டடப் பை. அதன் விளைச்சல் சேருவதோ பராமரிப்புப் பையில். அப்பா வாங்கிக் கொடுத்த வீட்டில் வாடகையில்லாமல் இருந்துகொண்டு, நான் எவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறேன் பார் என்று சொல்வதைப் போன்றது இது. எருவும் ஓசி: ஆயிரம் பேரின் கழிவுநீரை வயலுக்குப் பாய்ச்சினார்கள், சமையலறை மிச்சத்தைப் பன்றிக்குப் போட்டார்கள். ஹேன்வெல்லின் மதிலை ஒட்டி ஓடிய கால்வாயில் படகுத் துறை ஒன்று இருந்தது. நிலக்கரி அதன் வழியே உள்ளே வரும். தோட்டத்தில் மிஞ்சிய விளைச்சல் வெளியே போகும்.

ஆக, பண்ணை லாபம் என்று அறிக்கை சொல்வது பெரும்பாலும் கூலியில்லா உழைப்பும் வாடகையில்லா நிலமும் சேர்ந்த தொகை. மோசடி என்று இதைச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் வெளிப்படையாகத்தான் அச்சிட்டார்கள். வாரக் கட்டணம் எப்படி அவ்வளவு குறைவாக நின்றது என்று கேட்கிறவருக்கு விடையின் ஒரு பகுதி இந்தப் பக்கத்தில் கிடைக்கும், அவ்வளவே.

விடையின் இன்னொரு பகுதி சலவைக்கூடத்தில். பெண் நோயாளிகளை வயலுக்கு அனுப்புவது அரிது. அவர்களுக்குச் சலவை, சமையலறை, தையல் அறை. ஆயிரம் பேரின் படுக்கை விரிப்பும் உடையும் வாராவாரம் துவைப்பது, அதுவும் படுக்கையை நனைக்கும் நோயாளிகள் பலர் இருக்கும் இடத்தில், ஏர் பிடிப்பதைவிட லேசான வேலை அல்ல. ஆனால் பண்ணைக்கு இருப்பதுபோல் சலவைக்கூடத்துக்கு வரவு செலவுக் கணக்கு பொதுவாக இருக்காது. தைத்த சட்டைகளை எண்ணுவார்கள். துவைத்த துணி எந்த லாபக் கணக்கிலும் ஏறாது. இத்தனை சலவைக்காரிகளை ஊதியத்துக்கு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாமே யோசித்துப் பார்த்தால்தான் அந்த மிச்சம் தெரியும். வீட்டு வேலைக்கு நேரும் கதிதான் இங்கேயும்.

இனி, எல்லாவற்றையும்விடச் சங்கடமான கேள்வி. நன்றாக வேலை செய்யும் நோயாளி யார்? சாந்தமாக, சொன்னதைப் புரிந்துகொண்டு, தினமும் நேரத்துக்கு எழுந்து போகிறவர். அதாவது, வீட்டுக்கு அனுப்பத் தகுந்தவர்களில் முதல் வரிசையில் நிற்கிறவர். பால் கறப்பதில் கைதேர்ந்த ஒருவரை அனுப்பிவிட்டால் காரியஸ்தருக்கு நஷ்டம். கண்காணிப்பாளர்கள் வேண்டுமென்றே ஆட்களை நிறுத்தி வைத்தார்கள் என்று பொத்தாம்பொதுவாகக் குற்றம் சாட்ட நான் தயாரில்லை. போக இடமில்லாதவர்கள், குடும்பம் கைவிட்டவர்கள் ஏராளம். ஆனால் அசைலத்தின் கணக்கு ஒருவர் போவதைவிட இருப்பதையே விரும்பும்படி அமைந்திருந்தது. அதைத் தாண்டி ஒருவரை அனுப்ப மருத்துவர்தான் முனைய வேண்டும்.

கட்டட வேலை

அசைலம் கட்டுவதற்கு இடம் பார்க்கும்போதே பண்ணை மனதில் இருக்கும். சரிவான மேட்டு நிலம், தெற்கு பார்த்த முகப்பு, நல்ல தண்ணீர், நிலக்கரி கொண்டுவர ரயில் அல்லது கால்வாய், சுற்றிலும் உழுவதற்கு வயல். தண்ணீருக்கும் எரிவாயுவுக்கும் வெளியாரை நம்ப முடியாததால் கிணறு, நீர்த்தொட்டிக் கோபுரம், எரிவாயுக்கூடம் எல்லாம் சொந்தமாகவே கட்டிக்கொண்டார்கள். தீயணைக்கவும் குளியலறைக்கும் சலவைக்கும் நீரழுத்தம் வேண்டும் என்பதால்தான் ஒவ்வோர் அசைலத்துக்கும் அந்த உயரமான கோபுரம். பல மைல் தூரத்திலிருந்தே அது தெரியும்.

சிறு வேலைகளில் இரண்டு பைகளும் கலந்துவிடும். சுவருக்கு வெள்ளையடிப்பது, பாதை போடுவது, மண்ணைச் சமன்படுத்துவது போன்றவற்றுக்கு நோயாளிகளும் அசைலத்துத் தச்சர், கொத்தனார்களும் இறங்குவார்கள். கட்டடப் பைக்கு வர வேண்டிய செலவு அந்த அளவுக்குக் குறையும். எதிர்த் திசையிலும் பணம் ஓடியது. இடம் காலியாக இருந்தால் வேற்றுக் கவுண்டி நோயாளிகளைக் கூடுதல் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அதில் வரும் உபரியைக் கட்டட, பழுதுபார்ப்புக் கணக்குக்கு மாற்றிவிடலாம். அதனால் கட்டட வேலைக்கு வரிப் பணமே கேட்கவில்லை என்று ஒரு குழு பெருமையடித்தால், வேற்றுக் கவுண்டி நோயாளிகள் எத்தனை பேர் என்ற அட்டவணையை ஒரு முறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

கட்டடப் பையைத் திறக்க மனமில்லாமல் தற்காலிகம் என்று எதையாவது எழுப்பினால் என்ன நடக்கும் என்பதற்குக் கோல்னி ஹாட்ச்சே சாட்சி. 1889க்குப் பிறகு அது லண்டன் கவுண்டி கவுன்சிலிடம் வந்திருந்தது. கூட்டம் தாங்காமல் 1890களில் மரத்தாலும் தகரத்தாலும் ஒரு தற்காலிகக் கட்டடம் போட்டுப் பெண் நோயாளிகளை அதில் வைத்தார்கள். புதிய அசைலங்கள் எழும்வரை சமாளிக்கலாம் என்பது எண்ணம். 1903 ஜனவரி 27 அதிகாலையில் அது தீப்பிடித்தது. 50க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அதே கவுன்சில் 1893ல் கிளேபரி அசைலத்தைத் திறந்திருந்தது. எப்சம் அருகே ஹார்ட்டன் எஸ்டேட்டை வாங்கி, காலப்போக்கில் ஐந்து மனநோய் மருத்துவமனைகளை அடுத்தடுத்து எழுப்பியது. ஆனாலும் கட்டக் கட்ட நிரம்பிக்கொண்டுதான் இருந்தது.

பராமரிப்புப் பையை இறுக்கினால் என்ன ஆகும் என்பது முதல் உலகப்போரில் தெரிந்தது. சில அசைலங்களை ராணுவ மருத்துவமனைகளாக்கிவிட்டு, அங்கிருந்த நோயாளிகளை மற்றவற்றில் திணித்தார்கள். உணவு அளவைக் குறைத்தார்கள். பணியாளர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். காசநோயும் வயிற்றுக்கடுப்பும் பரவின. 1918ல் இன்ஃப்ளுயன்சாவும் சேர்ந்துகொள்ள, அந்த ஒரே ஆண்டில் இங்கிலாந்தின் அசைலவாசிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துபோனார்.

பண்ணைகள் போன கதை

1948ல் தேசிய சுகாதாரச் சேவை வந்ததும் இரண்டு பைகளும் அரசின் கைக்குப் போயின. 1950களில் புதிய மருந்துகள் வந்தன. உடம்பில் தெம்புள்ளவர்கள் வெளியேறத் தொடங்கினார்கள், முதியவர்கள் தங்கினார்கள். டிராக்டர் வந்த பிறகு நூறு பேர் சேர்ந்து கிழங்கு தோண்ட வேண்டியதும் இல்லை. மருத்துவமனை எதற்கு மாடு வளர்க்க வேண்டும் என்று அமைச்சகமும் கேட்டது. பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. 1961ல் சுகாதார அமைச்சர் இனாக் பவல், பதினைந்து ஆண்டுகளில் மனநோய்ப் படுக்கைகளைப் பாதியாக்க வேண்டும் என்று பேசினார். அந்த நீர்த்தொட்டிக் கோபுரங்களைச் சுட்டிக் காட்டியதால் அந்தப் பேச்சுக்கே கோபுரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. கோல்னி ஹாட்ச் 1993லும் கிளேபரி 1997லும் மூடின. இரண்டும் இன்று விலையுயர்ந்த அடுக்கு வீடுகள்.

அமெரிக்காவில் முடிவு நீதிமன்றம் வழியாக வந்தது. அரசு மனநல நிலையங்களில் வேலை செய்யும் நோயாளிகளும் தொழிலாளர்களே, அவர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும் என்று 1973ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊதியம் கொடுத்து வேலை வாங்குவதைவிட நிலையங்கள் பல வேலையையே நிறுத்திவிட்டன. சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்கள் திரும்பி வந்தன என்று மருத்துவர்கள் சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் இருந்தது.

நம் பக்கம் வந்தால், இதே மாதிரியை ஆங்கிலேயர்கள் இங்கேயும் கொண்டுவந்தார்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1871ல் திறந்த அரசு அசைலம்தான் இன்றைய அரசு மனநலக் காப்பகம். இங்கே பாரிஷும் இல்லை, 4 ஷில்லிங்கும் இல்லை. கருவூலமே நேரடியாகப் பணம் கொடுத்தது. ஆனால் இரட்டைப் பை மட்டும் வேறு உருவத்தில் இருந்தது: மருத்துவமனையை நடத்துவது ஒரு துறை, கட்டடம் பொதுப்பணித் துறை. இன்றும் அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். வார்டில் கூரை ஒழுகினால் அதைச் சரிசெய்யும் பணம் மருந்து வாங்கும் பணத்தோடு இருக்காது. நோயாளிகளின் வேலையைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மனநல நிலையத்தில் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும்.

நேரில் படித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: சென்னை மாகாண அசைலங்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆண்டறிக்கைகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் மின்வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. சென்னையோடு விசாகப்பட்டினம், கோழிக்கோடு அசைலங்களும் அவற்றில் வரும். மருத்துவர் எழுதியதைப் பிற்பாடு படிக்கலாம். முதலில் பின்பக்க அட்டவணைகளுக்குப் போங்கள். தலைக்கு ஆன செலவு, நோயாளிகள் செய்த பொருட்களின் மதிப்பு, வேலை செய்தவர்களின் எண்ணிக்கை, குணமாகி வெளியேறியவர்களின் எண்ணிக்கை, இந்த நான்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைகளுக்கு அதையே செய்து பாருங்கள்.